நோவுக்கு ஓய்வு மட்டும் மருந்தல்ல

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சற்று முன்னர் கல்லூரிக் கீதத்துக்காக எல்லோரும் எழும்பினோம். மேடையில் நின்ற எனக்கு ஒரு காட்சி நன்றாகத் தெரிந்தது. பின்வரிசையில் இருக்கும் இன்றைய மாணவிகள் கையைக் கட்டியபடியே எழும்பினார்கள். நடுவரிசை முன்கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பியது. முன்வரிசை இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, "முருகா" என்று சொல்லி எழும்பியது. நானும் நடுவரிசைக்காரிதான். ஆகவே சிரிக்க எனக்கு உரிமை இல்லை.

செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு பெண்களின் ஆரோக்கியம். அது பெரிய கடல். அதில் ஒரு கரையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: நாரி நோ, முழங்கால் நோ, தோள் பிடிப்பு. இவற்றால் ஒருவரும் உடனே சாவதில்லை. அதனால்தானோ என்னவோ, இவற்றைப் பற்றி மேடைகளில் அதிகம் பேசுவதும் இல்லை. ஆனால் உலகில் மனிதரை அதிக காலம் முடக்கிவைக்கும் உடல் வருத்தம் எது என்று கணக்கெடுத்தால், பல ஆண்டுகளாக முதலிடத்தில் நிற்பது நாரி நோதான்.

எங்கள் வன்னியில் இந்த நோவுக்கு ஒரு வரலாறும் உண்டு. தொண்ணூறுகளின் இடப்பெயர்வுகளில் சைக்கிளில் ஏற்றியது போக மிச்சத்தைத் தலையிலும் இடுப்பிலும் சுமந்தவர்கள் நாங்கள். கல்லூரி ஓலைக் கொட்டிலுக்கு மாறியபோது வாங்குகளைத் தூக்கிச் சென்றதும் நாங்கள்தான். பிறகு 2009. மீள்குடியேறிய பின் துணையில்லாத எத்தனையோ பெண்கள் காடு வெட்டி, கல் சுமந்து, கிணற்றில் தண்ணீர் அள்ளி, வயலில் களை பிடுங்கி வீடுகளை நிமிர்த்தினார்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகும் பெண்கள் நாள் முழுக்க முழங்காலில் நின்று நிலத்தை அங்குலம் அங்குலமாகக் கிளறுகிறார்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் மெசினுக்கு முன்னால் குனிந்த தலை நிமிராமல் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "நோ இல்லாத ஆர் இருக்கினம் டொக்டர், வயசு போகுதெல்லே." அப்படிச் சொல்பவருக்குச் சிலவேளை முப்பத்தைந்து வயதுகூட இராது.

இனி ஒரு அக்காவைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அவரது அனுமதியோடுதான் சொல்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். உங்களில் சிலர் ஊகித்துவிடுவீர்கள். ஊகித்தவர்கள் மனதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மூன்று வகுப்பு மேலே படித்தவர். எங்கள் காலத்து வலைப்பந்து அணியில் பந்து போடுபவர் அவர்தான். கையை உயர்த்தினால் பந்து வளையத்துக்குள் போய்விட்டது என்றே நாங்கள் கைதட்டத் தொடங்கிவிடுவோம். 2009இல் அதே வலது தோளின் பின்புறம் செல் துண்டு பட்டது. இரண்டு வயது மகள் அப்போது இடது இடுப்பில் இருந்ததால் பிள்ளை தப்பியது. காயம் ஆறியது. சிறிய துண்டு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. அதைத் தேடி எடுப்பதைவிட விட்டுவிடுவதே நல்லது என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொல்லியிருந்தார்.

2011 அளவில், நான் வேலைசெய்த வெளிநோயாளர் பிரிவுக்கு அவர் வந்தார். கை தோளுக்கு மேலே எழும்பாது. நாரியும் உளைவு. வெளியே வரிசை முற்றம் வரை நின்றது. நான் டைக்ளோபெனாக் குளிசையும், வயிற்றைக் காக்க ஒமெப்பிரசோலும் எழுதினேன். "அக்கா, அந்தக் கையால பாரம் தூக்காதேங்கோ, நல்லா ஓய்வு குடுங்கோ" என்று அன்பாகத்தான் சொன்னேன். அடுத்த மாதமும் வந்தார். அதே துண்டு, அதே குளிசை, அதே வசனம். இப்படி ஏறத்தாழ ஐந்து வருடம்.

டொக்டர் சொன்ன வார்த்தை, அதுவும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொன்ன வார்த்தை என்று அவர் அப்படியே கேட்டார். தையலை விட்டார். தோட்டத்தை விட்டார். கோவிலில் கும்பிடக்கூட இடது கையை மட்டும் நெஞ்சில் வைத்தார். தோள் மெலிந்து எலும்பு தெரிந்தது. பிறகு ஒருநாள் இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருப்பது தெரிந்தது. அது குளிசையால் மட்டும் வந்ததென்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குளிசையை ஐந்து வருடம் எழுதிய கை என்னுடையது. இதை இங்கே சொல்லாமல் மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த நாட்களில்தான் எங்களிடம் ஓர் இளம் பெண் இயன்மருத்துவர் வந்து சேர்ந்தார். பிசியோ என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்பவர். மட்டக்களப்புப் பிள்ளை. அக்காவை அவரிடம் அனுப்பி, நானும் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். "எங்க நோகுது?" என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை. "என்ன செய்ய ஏலாமக் கிடக்கு அக்கா?" என்று கேட்டார்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மகளுக்கு ரெட்டைப் பின்னல் பின்ன ஏலாது, பிள்ளை. அவள் தானே பின்னிக்கொண்டு போறாள். கோணலாக் கிடக்கெண்டு வகுப்பில சிரிக்கினமாம்."

ஐந்து வருடமாக நான் கேட்காத கேள்வி அது.

அந்தப் பிள்ளை முதலில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து உலோகத் துண்டு எங்கே கிடக்கிறதென்று குறித்துக்கொண்டார். அந்த இடத்தில் அழுத்தவில்லை. சுடுநீர் ஒத்தடம் கொடுத்தார். பிறகு காய்ந்த தழும்பின் ஓரத்தை இரண்டு விரலால் மெல்ல மெல்ல அசைத்தார். அந்த இடத்தில் தோல் கீழே இருக்கும் தசையோடு ஒட்டியது போல் கிடந்தது. சற்றுப் பழகியதும் தோள்பட்டை எலும்பைச் சுற்றியுள்ள தசைகளை உள்ளங்கையால் அழுத்தி உருவினார். எல்லாமாகப் பதினைந்து நிமிடம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "நல்லா உருவிவிடு பிள்ளை, அது காணும்" என்றார். அந்தப் பிள்ளை கையை எடுத்துவிட்டது. "நான் உருவினால் ரெண்டு நாளைக்குச் சுகம். இப்ப நோ கொஞ்சம் அடங்கிக் கிடக்கிற நேரத்தில நீங்கள் கையை அசைச்சால் அது உங்களுக்குச் சொந்தம்" என்றார்.

என்னுடைய உரையின் சாரம் முழுவதும் அந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

தொட்டுச் செய்யும் வைத்தியம் எங்களுக்குப் புதிதல்ல. அம்மம்மாமார் இலுப்பெண்ணெயைச் சூடாக்கிக் கால் உருவிவிட்ட கதை இங்கே எல்லோரிடமும் உண்டு. சித்த மருத்துவம் தொக்கணம் என்ற பெயரில் தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் என ஒன்பது முறைகளை வகுத்து வைத்திருக்கிறது. ஊருக்கு ஊர் முறிவு நெரிவு பார்க்கும் பரியாரிமார் இருந்தார்கள். அந்தக் கைகளின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

கை என்ன செய்கிறது? தசைக்குள் முடிச்சு விழுந்திருக்கிறது, அதை அவிழ்த்து விடுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முக்கியமான வேலை நரம்பில் நடக்கிறது. கதவில் முழங்கை இடிபட்டால் உடனே அதைத் தேய்க்கிறோம் அல்லவா? தொடுகையின் செய்தி முள்ளந்தண்டு வடத்தை அடையும்போது, நோவின் செய்தி மேலே போவது அங்கேயே குறைகிறது. 1965இல் மெல்சாக், வோல் என்ற இரு அறிஞர்கள் இதை ஒரு படலைக்கு ஒப்பிட்டு விளக்கினார்கள். தொடுகை அந்தப் படலையைப் பாதி சாத்திவிடுகிறது. நோ குறைகிறது, இறுகிய தசை தளர்கிறது, பயமும் குறைகிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அல்லது சில நாட்களில் படலை திரும்பத் திறந்துவிடும். உருவியதால் தசைக்குப் பலம் வருவதில்லை.

பலம் வருவது வேலையால்தான். தசையும் தசைநாணும் எலும்பும் தங்கள்மேல் விழும் பாரத்தைப் பார்த்துத் தங்களைக் கட்டிக்கொள்பவை. பாரமே இல்லையென்றால், இனி இவருக்கு நாங்கள் தேவையில்லை என்று அவை மெலிந்துவிடும். மெலிந்த தசையால் சிறு வேலையும் பெரிய பாரமாகும், நோ கூடும், நோ கூட இன்னும் ஓய்வெடுப்போம். இந்தச் சுழிக்குள்தான் நான் அந்த அக்காவைத் தள்ளிவிட்டேன். இதிலிருந்து வெளியே வர வாரங்கள் அல்ல, மாதங்கள் வேண்டும். கை கதவைத் திறந்துவிடும். நடந்து வெளியே வரவேண்டியவர் நோயாளிதான்.

அக்கா எப்படி நடந்தார்? முதலில் குனிந்து நின்று கையை ஊஞ்சல்போல் ஆட்டினார். பிறகு சுவரில் விரல்களால் ஏறினார். ஒவ்வொரு கிழமையும் எட்டிய இடத்தில் கரிக்கட்டியால் கோடு. பிறகு கொய்யாமரக் கிளையில் கயிறு போட்டு, நல்ல கையால் இழுத்து நோகும் கையை உயர்த்தினார். மூன்றாம் மாதம் அரைப் போத்தல் தண்ணீர், பிறகு முழுப் போத்தல். நடுவே இரண்டு தரம் மனம் விட்டு நிறுத்தினார். அந்தப் பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டு ஏசியும் கெஞ்சியும் திரும்ப வரவைத்தது. ஏழாம் மாதம் மகளுக்கு இரண்டு பின்னலும் போட்டு, றிபனும் கட்டினார். கை இன்றும் முழுதாக எழும்பாது. மழைக்காலத்தில் நோகும். ஆனால் தையல் மெசின் திரும்ப ஓடுகிறது. குளிசையை நிறுத்தினோம், சிறுநீரகம் மேலும் பழுதாகவில்லை. மகள் இப்போது வளர்ந்து முடியைக் கட்டையாக வெட்டிவிட்டாள். "இதுக்கோ நான் ஏழு மாசம் கயிறு இழுத்தனான்?" என்று அக்கா என்னிடம் முறையிடுகிறார்.

அன்பானவர்களே, ஒரு பழைய கதையையும் சொல்லவேண்டும். இன்று உலகம் முழுக்க இருக்கும் இந்தத் தொழில், இங்கிலாந்தில் ஒரு சங்கமாக உருவெடுத்தது நான்கு பெண்களால். 1894இல் லண்டனில், உருவிவிடும் தொழிலின் பெயரால் வேறு காரியங்கள் நடப்பதாகப் பெரும் அவதூறு எழுந்தது. அந்த நேரத்தில் நான்கு தாதியர் கூடி, பயிற்சி பெற்று ஒழுங்கோடு இத்தொழிலைச் செய்யும் பெண்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்தார்கள். பரீட்சை வைத்தார்கள். வைத்தியரின் பணிப்போடுதான் சிகிச்சை என்று விதி வகுத்தார்கள். இருபது வருடத்தில் முதலாம் உலகப் போர் வந்தது. காயப்பட்டுத் திரும்பிய போர்வீரர்களை எழுப்பி நடக்கவைக்க இந்தப் பெண்களின் கைகள் தேவைப்பட்டன. 1920இல் அச்சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. போருக்குப் பின் ஒரு சமூகத்தை எழுப்பி நடத்தும் வேலையை அங்கே பெண்கள்தான் தொடங்கிவைத்தார்கள்.

எங்களுக்கும் அந்த வேலை இன்னும் முடியவில்லை. காலை இழந்தவர் இல்லாத கிராமம் வன்னியில் எது? 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் வைத்தியர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய றப்பர்ப் பாதம், நிலத்தில் குந்தியிருக்கவும், வெறுங்காலோடு வயல் சேற்றில் இறங்கவும் ஏற்றது. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் வழியாக எங்கள் ஆட்கள் பலர் அதைப் பெற்றார்கள். ஆனால் செயற்கைக் கால் கிடைத்ததும் வேலை முடிந்ததென்று நினைக்கிறோம். அங்கேதான் தொடக்கம். எஞ்சிய காலின் கீழ் தலையணை வைத்துப் படுத்தே பழகினால் இடுப்பு மூட்டு மடங்கியபடி இறுகிவிடும். பிறகு எந்தக் காலும் பொருந்தாது. தினமும் இரண்டு தரம் இருபது நிமிடம் குப்புறப் படுத்தால் அதைத் தடுக்கலாம். செலவு ஒரு பாய் மட்டும். பொருத்தம் சரியில்லாத காலோடு பத்து வருடம் நடந்தவருக்கு நாரியும் மற்ற முழங்காலும் நோகத் தொடங்கும். ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் பாவிப்போருக்குத் தோள் தேயும். இவர்கள் எல்லோருக்கும் வாழ்நாள் முழுக்க ஒரு பிசியோவின் கண் வேண்டும்.

எக்ஸ்ரேயில் தெரியாத நோவும் உண்டு. 2017 முதல் வீதியோரப் பந்தலில் பிள்ளைகளின் படத்தோடு இருந்த அம்மாமாரில் சிலர் என்னிடம் வருவார்கள். அவர்களின் நாரி நோ பொய்யல்ல. துக்கமும் நித்திரையின்மையும் அந்தப் படலையை அகலத் திறந்துவைக்கும். அவர்களுக்கு நோவைப் பற்றிக் கேட்க ஒரு காதும், தொட ஒரு கையும், துணைக்கு நடக்க ஒரு ஆளும் வேண்டும். அதையெல்லாம் ஒரு குளிசைக்குள் அடைக்க முடியாது.

குளிசையைப் பற்றிச் சொன்னதால் ஒரு எச்சரிக்கை. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இருப்பதை அறிவீர்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்துவிட்டு, பின்னேரம் கடையில் நோக்குளிசை வாங்கிப் போடுவது சிறுநீரகத்தைக் குத்துவதற்குச் சமம். சீனி வருத்தமோ பிரசரோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் டைக்ளோபெனாக், இபுபுரோபென் தொடக்கூடாது. சித்தாலேப பூசுங்கள், தடையில்லை. அதன் சூடு போனதும் எழும்பி நடவுங்கள்.

எல்லா நோவுக்கும் உருவலும் பயிற்சியும் பொருந்தாது. சிலவற்றுக்கு உடனே வைத்தியசாலைக்கு வரவேண்டும். நாரி நோவோடு சிறுநீர் அடைபட்டால் அல்லது தெரியாமல் போனால், இருக்கும் இடம் விறைத்தால், கால் பலமிழந்தால், அன்றைக்கே வாருங்கள், ஒரு இரவுகூடத் தாமதிக்கவேண்டாம். காய்ச்சலோடு வரும் முதுகு நோ, காரணமில்லாமல் மெலிதல், முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் எலும்பு நோ, வயதானவர் விழுந்தபின் வரும் நோ, இவற்றுக்கும் எண்ணெய் தேடவேண்டாம். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாக நொந்தால் உருவவே கூடாது; உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம், அது நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. முறிவுக்கு இறுக்கிக் கட்டிய கட்டுக்குக் கீழே விரல் குளிர்ந்து நீலமானால் உடனே கட்டை அவிழ்க்க வேண்டும். உடம்பில் செல் துண்டோ சன்னமோ உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்க முன்னர் கட்டாயம் அதைச் சொல்லுங்கள். அந்தக் காந்தம் உலோகத்தை அசைக்கக்கூடியது. வெளிநாட்டு வைத்தியருக்கு உங்கள் உடம்பின் வரலாறு தெரியாது. நீங்கள்தான் சொல்லவேண்டும்.

இனி நான்கு பயிற்சிகள். மலரில் வரும்போது வெட்டிக் குசினிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

ஒன்று, கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி, மெல்ல இருத்தல். பத்து முறை. ஏலாதவர்கள் கதிரையில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டித் தொடங்கலாம். முழங்காலுக்கு இதைவிட நல்ல தைலம் எனக்குத் தெரியாது.

இரண்டு, மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இடுப்பை உயர்த்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குதல். பத்து முறை. இது நாரிக்கு.

மூன்று, சுவரில் இரு கையையும் ஊன்றி, நெஞ்சைச் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோய்த் தள்ளி வருதல். பத்து முறை. இது தோளுக்கு. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத் தோள் உறைவு அதிகம் வரும். அது கடுமையாக நோகும் காலத்தில் இழுத்துப் பறித்து அசைக்கக்கூடாது. ஊஞ்சல் ஆட்டமே போதும்.

நான்கு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்தி விரலில் நிற்றல். பத்து முறை. விழாமல் இருக்க இது உதவும்.

கிழமைக்கு இரண்டு மூன்று நாள் இவற்றைச் செய்யுங்கள். மற்ற நாட்களில் அரை மணித்தியாலம் நடவுங்கள். செய்யும்போது கொஞ்சம் நோகும். பத்துக்கு மூன்று நான்கு அளவில் நொந்து, அடுத்த நாள் காலையில் பழைய நிலைக்கு வந்தால் பயமில்லை. அதற்குமேல் நொந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தவேண்டாம். நிலம் கூட்டுவதும் உடுப்புத் தோய்ப்பதும் பயிற்சிதானே என்று கேட்பீர்கள். அவை ஒரே தசையை ஒரே பக்கமாகக் களைக்க வைக்கின்றன. களைப்பு வேறு, பலம் வேறு.

ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, மெல்பேண் என்று பல இடங்களிலிருந்தும் வந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இரவு வேலை, குளிர், நின்றபடி பத்து மணித்தியாலம். உங்கள் நோவும் எங்கள் நோவும் ஒன்றுதான். "பிசியோவிட்டப் போனனான், ஒரு கடுதாசியைத் தந்து வீட்ட போய்ச் செய்யச் சொல்லிச்சினம், ஒண்டும் உருவிவிடேல்ல" என்று நீங்கள் குறைப்படுவது எனக்குத் தெரியும். அந்தக் கடுதாசிதான் மருந்து. அதை மூன்று மாதம் செய்துவிட்டுப் பிறகு குறை சொல்லுங்கள். ஊருக்கு வரும்போது பெட்டி நிறைய நாரிப்பட்டி கொண்டுவந்து அம்மாவுக்கும் மாமிக்கும் கட்டிவிடுகிறீர்கள். உங்கள் அன்பு விளங்குகிறது. ஆனால் நீண்டகால நாரி நோவுக்கு அந்தப் பட்டியை வழக்கமாகப் பாவிக்கவேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டலில் சொல்லியிருக்கிறது. அதே வழிகாட்டல் பரிந்துரைப்பவற்றில் பயிற்சியும், நோவைப் பற்றிய விளக்கமும், உருவல் போன்ற கைச் சிகிச்சையும் இருக்கின்றன. பட்டியை விட்டுவிட்டு, வந்து நிற்கும் அந்த இரண்டு கிழமையும் அம்மாவோடு காலையில் நடந்து போங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பரீட்சை முடிவு வந்ததும் எங்கள் பிள்ளைகளிடம் "மெடிசின் கிடைச்சதோ?" என்று கேட்கிறோம். கிடைக்காத பிள்ளை தலையைக் குனிகிறது. கொழும்பிலும் பேராதனையிலும் இயன்மருத்துவம் பட்டப்படிப்பாக இருக்கிறது. அதற்குத் தெரிவாகும் பிள்ளையை "பரவாயில்லை" என்று ஆறுதல்படுத்துகிறோம். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் ஆறுதல் சொன்னேன். ஐந்து வருடம் நான் செய்ய முடியாததை ஏழு மாதத்தில் செய்த பெண்ணைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

எங்கள் பெண்கள் ஓர் ஆண் சிகிச்சையாளர் முன்னால் நாரியைத் திறந்து காட்டக் கூச்சப்படுவார்கள், வீட்டிலும் விடமாட்டார்கள். அதனால் நோவோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். எங்கள் மொழி பேசும், எங்கள் ஊர் தெரிந்த பெண்கள் இந்தத் தொழிலுக்கு வரவேண்டும். இயன்மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை, செயற்கை அவயவம் செய்தல் ஆகிய துறைகளுக்குப் போகும் எமது மாணவிகளுக்கு நூற்றாண்டு நிதியிலிருந்து ஆண்டுக்கு ஒரு புலமைப்பரிசில் கொடுங்கள். வளைவு கட்டவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வளைவைக் கட்டும்போது இதையும் நினையுங்கள் என்கிறேன். அடுத்தது, உயர்தர வகுப்பு வந்ததும் பிள்ளைகளை மைதானத்திலிருந்து நிறுத்துவதை விடுங்கள். இளமையில் கட்டிய எலும்பும் தசையும்தான் ஐம்பது வயதில் கைகொடுக்கும்.

கூட்ட முடிவில் தேசிய கீதத்துக்குத் திரும்பவும் எழும்புவோம். இந்த முறை முழங்காலில் கை வைக்காமல் ஒருக்கா முயற்சி செய்து பாருங்கள். ஏலாவிட்டால் ஊன்றுங்கள், அதில் வெட்கமில்லை. நாளைக் காலையில் கதிரையோடு தொடங்குவோம்.